வடக்கே அல்ல, மேலே

மேஜை மேல் ஒரு நாணயத்தை வைத்து நேர் மேலே இருந்து பாருங்கள், வட்டம். தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக்கொண்டே வந்தால் வட்டம் சப்பிப்போய் நீள்வட்டமாகும், கண் மேஜை விளிம்புக்கு நேராக வந்ததும் வெறும் கோடுதான் மிஞ்சும். அட்டையில் ஒரு முக்கோணமும் ஒரு சதுரமும் வெட்டி அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் கோடு, இதுவும் கோடு. எது எதுவென்று சத்தியமாகச் சொல்ல முடியாது.

1884-ல் லண்டனில் வெளியான ‘ஃபிளாட்லேண்ட்’ என்ற சின்ன நாவல் ஆரம்பத்திலேயே வாசகரை இந்த வேலையைச் செய்யச் சொல்கிறது. முதல் தடவை படித்தபோது ‘சரி, புரிகிறது’ என்று தாண்டிப் போய்விட்டேன். இரண்டாவது தடவைதான் உண்மையாகவே தரையில் உட்கார்ந்து, முகவாயை மேஜை விளிம்பில் வைத்துப் பார்த்தேன். அந்த ஒரு கோட்டுக்குள் நாவலின் மொத்தச் சமூகமும் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

எழுதியவர் எட்வின் அபாட் அபாட். பள்ளித் தலைமையாசிரியர், பாதிரியார். முதல் பதிப்பில் தன் பெயரைப் போடாமல் ‘ஒரு சதுரம்’ என்று போட்டுக்கொண்டார், ஏனென்றால் கதையைச் சொல்வது ஒரு சதுரம், நீளமும் அகலமும் மட்டுமே உள்ள, உயரமே இல்லாத தட்டையுலகில் வக்கீல் தொழில் பார்ப்பவர். (தமிழில் சதுரன் என்றால் கெட்டிக்காரன் என்றும் பொருள் உண்டு, இவருக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று படிக்கும்போதெல்லாம் தோன்றும்.)

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘நான்காவது பரிமாணத்தைப் புரிந்துகொள்ள நல்ல புத்தகம்’ என்று சொல்லிவிட்டு, மூன்று பரிமாண உலகத்திலிருந்து ஒரு கோளம் வந்து இறங்கும் இரண்டாம் பாகத்துக்கு நேராகப் போய்விடுகிறார்கள். முதல் பாகம் ஏதோ முன்னுரை மாதிரி. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. முதல் பாகத்தைத் தள்ளிவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு கணக்குப் பாடம்தான்.

அந்த உலகத்தில் உடம்பின் வடிவம்தான் அந்தஸ்து. அடித்தட்டில் கூரான இருசமபக்க முக்கோணங்கள், அவர்கள்தான் சிப்பாய்களும் கூலியாட்களும். அதற்கு மேலே சமபக்க முக்கோணங்கள், பிறகு சதுரங்கள், ஐங்கோணங்கள், அறுகோணத்திலிருந்து பிரபுக்கள், உச்சியில் வட்டங்கள் என்று அழைக்கப்படும் குருமார்கள். உண்மையில் அவர்களும் வட்டமில்லை, பக்கங்களை எண்ண முடியாத அளவுக்குப் பெருகிவிட்ட பல்கோணங்கள். சதுரத்தின் மகன் ஐங்கோணம், பேரன் அறுகோணம் என்று தலைமுறைக்கு ஒரு பக்கம் கூடிக்கொண்டே போகும். ஆனால் அடித்தட்டு முக்கோணங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. எத்தனையோ தலைமுறை உழைத்து, கோணம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, எப்போதாவது ஒரு வீட்டில் அறுபது பாகைக் குழந்தை பிறக்கும். பிறந்ததும் அந்தக் குழந்தையைப் பெற்றவர்களிடமிருந்து எடுத்து, பிள்ளையில்லாத ஒரு சமபக்க முக்கோணத்துக்குத் தத்துக் கொடுத்துவிடுவார்கள். அது பிறந்த வீட்டுப் பக்கமே திரும்பக் கூடாது. இதைச் சதுரர் எவ்வளவு நிம்மதியாகச் சொல்கிறார் தெரியுமா? இந்த ஒரு நம்பிக்கை இருப்பதால்தான் கீழே இருப்பவர்கள் கலகம் செய்யாமல் இருக்கிறார்கள், எவ்வளவு நல்ல ஏற்பாடு என்கிறார். அந்தப் பத்தியில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இப்போது அந்த நாணயத்துக்குத் திரும்பி வாருங்கள். எல்லோருமே ஒருவர் கண்ணுக்கு ஒருவர் கோடுதான், பார்த்ததும் யார் உயர்ந்தவர் யார் தாழ்ந்தவர் என்று சொல்ல வழியில்லை. அப்படியிருக்க, முழுக்க வடிவத்தை வைத்தே நடக்கும் ஒரு சமூகம் என்ன செய்யும்? தடவிப் பார்த்துக் கோணத்தைக் கண்டுபிடிப்பார்கள், சாதாரண ஜனங்களின் வழி அது. மேல்தட்டுக்கு அது கௌரவக் குறைச்சல். தட்டையுலகில் பெரும்பாலும் மூடுபனி இருக்கும், அதனால் கோட்டின் நடுப்பகுதி பளிச்சென்றும் இரண்டு ஓரங்களும் மங்கலாகவும் தெரியும், எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதை வைத்துக் கோணத்தைக் கணித்துவிடலாம். ஆனால் இந்தப் பார்வைக் கலைக்குப் பல வருஷப் படிப்பு வேண்டும், அதற்குப் பணமும் ஓய்வும் வேண்டும், ஆக அது மேலே இருப்பவர்கள் கைக்குள்ளேயே இருந்துவிடும்.

அப்புறம் ஒருவர் வண்ணத்தைக் கண்டுபிடிக்கிறார். பக்கத்துக்கு ஒரு நிறம் பூசிக்கொண்டால் முடிந்தது, படிக்காதவரும் ஒரே பார்வையில் எதிரில் வருவது யார் என்று சொல்லிவிடுவார். மூடுபனிப் படிப்பு செல்லாக் காசாகிவிடுகிறது. எல்லோரும் எல்லோரையும் அடையாளம் காண முடியும்போது, அப்படி அடையாளம் காண்பதையே ஒரு தகுதியாக வைத்திருந்தவர்களுக்கு என்ன மரியாதை மிஞ்சும் என்ற கேள்வி தெருவுக்கு வந்துவிடுகிறது. சமத்துவம் கேட்கிறார்கள், கலகம் வெடிக்கிறது, தலைமைக் குரு பேசியே கூட்டத்தைப் பிளந்து ஒருவரை ஒருவர் கொல்ல வைக்கிறார். அதற்குப் பிறகு வண்ணமே தடை. நிறத்தைக் குறிக்கும் ஒரு சொல்லை வாயால் உச்சரித்தாலே சாதாரண ஆளுக்குக் கடும் தண்டனை. சதுரர் பிறந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. வண்ணம் என்றால் என்ன என்று அவருக்கு ஏட்டில்தான் தெரியும், ஆனாலும் அந்தக் காலத்தைச் சொல்லும்போது ஒரு ஏக்கம் வந்துவிடுகிறது அவருக்கு, சொல்லிவிட்டு உடனே அதை அடக்கியும் கொள்கிறார்.

வடிவியலும் நையாண்டியும் ஒன்றோடொன்று இப்படிப் பின்னிக்கிடப்பதைத்தான் நான் கொண்டாடுகிறேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எல்லாமே கோடு என்ற ஒரே உண்மையிலிருந்துதான் கல்வி, பணம், கலகம், தடை எல்லாம் முளைக்கின்றன. இந்த உலகத்தைத் தட்டையாக்காமல் இந்தக் கதையைச் சொல்லியிருக்கவே முடியாது.

பெண்கள் விஷயம் வரும்போது பலர் கோபத்தில் புத்தகத்தைத் தூக்கி எறிகிறார்கள், அந்தக் கோபம் நியாயமானது. தட்டையுலகில் பெண்கள் வெறும் நேர்கோடுகள். முனையிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளியாகத்தான் தெரிவார்கள், தெரியாமல் மோதினால் ஊசி குத்தின மாதிரி ஆளே காலி. அதனால் வீட்டுக்குள் வர அவர்களுக்குத் தனி வாசல், வெளியே போனால் ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், உடம்பை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூளை கிடையாது, நினைவும் அநேகமாகக் கிடையாது என்று சதுரர் அடித்துச் சொல்கிறார். ஆனால் அவருடைய மனைவி பேசும் இடங்களைக் கவனித்துப் படித்தால், அவர் சொல்வதற்கும் நாம் பார்ப்பதற்கும் ஒட்டவே ஒட்டாது. அபாட் நிஜ வாழ்க்கையில் பெண் கல்விக்காகப் பேசியவர். அன்றைக்கே இதைப் பற்றிக் குறை எழுந்து, திருத்திய பதிப்பின் முன்னுரையில் பதில் சொல்ல வேண்டியிருந்தது: சதுரர் தன் நாட்டு வரலாற்றாசிரியர்களின் கண்ணோட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார், அவர்கள் பெண்களையும் பாமர மக்களையும் எழுதத் தக்கவர்களாகவே நினைத்ததில்லை என்று. தட்டையுலகைப் பற்றி எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு நம் உலகத்து வரலாற்றுப் புத்தகங்களைத்தான் அபாட் குத்துகிறார்.

இதே வழியில் பின்னால் வந்தவர்களும் உண்டு. நான்கு பரிமாணக் கனசதுரத்தைக் குறிக்கும் ‘டெசராக்ட்’ என்ற சொல்லை 1888-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சார்ல்ஸ் ஹோவர்ட் ஹின்டன், 1907-ல் ஒரு வட்டத்தின் விளிம்பில் வாழும் மனிதர்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். ஏ. கே. டியூட்னி 1984-ல் ‘பிளானிவர்ஸ்’ எழுதினார், இரண்டு பரிமாணத்தில் இயந்திரம் எப்படி ஓடும், உயிர் எப்படிச் சாப்பிடும் என்று அணு அணுவாக யோசித்த புத்தகம். வாயிலிருந்து ஆசனவாய் வரை ஒரு குழாய் போனால் தட்டையான உடம்பு இரண்டு துண்டாகப் பிரிந்துவிடும் என்பது போன்ற சிக்கல்களைப் படிக்கும்போது நேரம் போவதே தெரியாது. ஆனாலும் என்னால் அதன் மக்களோடு அபாட்டின் மக்கள் அளவுக்கு ஒட்ட முடியவில்லை. அவர்களுடைய உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று நன்றாகத் தெரிகிறது, யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பது அந்த அளவுக்கு மனதில் பதியவில்லை.

இரண்டாம் பாகத்தில் எனக்குப் பிடித்தது கோளம் வந்து இறங்கும் அந்த அதிசயம் இல்லை. சதுரர் முந்தின நாள் கனவில் ஒற்றைக் கோட்டு உலகத்துக்குப் போகிறார், அங்கே இருக்கும் ராஜாவுக்கு இடது வலது என்றால் என்னவென்று விளங்கவைக்க முடியாமல் எரிச்சலில் கத்துகிறார். மறுநாள் கோளம் வந்து ‘மேலே’ என்று சொல்லும்போது, ‘வடக்கே என்கிறீர்களா?’ என்று அதே ராஜா மாதிரி முழிக்கிறார். கடைசியில் கோளம் அவரை அப்படியே பெயர்த்து மேலே தூக்கிக்கொண்டு போய்க் காட்டிய பிறகு, அவர் கைகூப்பாத குறையாகக் கேட்கிறார்: புள்ளிக்கு ஒன்று, கோட்டுக்கு இரண்டு முனை, சதுரத்துக்கு நான்கு, கனசதுரத்துக்கு எட்டு என்றால், அடுத்து பதினாறு முனையுள்ள ஒன்று இருந்தே ஆக வேண்டுமே, அதையும் காட்டுங்கள் ஐயா. கணக்கு சுத்தமாகச் சரி. நான்கு பரிமாணக் கனசதுரத்துக்குப் பதினாறு முனைதான், அதைச் சுற்றி எட்டுக் கனசதுரங்கள். இதே படிப்படியான வாதத்தைத்தான் கோளமும் சற்று முன்னால் சதுரரிடம் சொல்லியிருந்தது. ஆனால் இப்போது கோபம் வந்துவிடுகிறது, அப்படி ஒரு உலகமே கிடையாது என்று சீறுகிறது. கிணற்றுத் தவளைக் கதையில் கரையில் நிற்பவருக்கு எல்லாம் தெரியும். இங்கே கரையும் ஒரு கிணறுதான்.

என்னை உலுக்கிய இடம் இன்னொன்று. சதுரருக்கு அறுகோணப் பேரன் ஒருவன், சுட்டிப் பையன். கோளம் வருவதற்குச் சற்று முன்பு, தாத்தாவிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தவன் ஒரு கேள்வி கேட்கிறான். மூன்றின் வர்க்கம் என்பது கோடு நகர்ந்து உண்டாகும் சதுரம் என்றால், மூன்றின் கனத்துக்கும் வடிவியலில் ஏதாவது அர்த்தம் இருக்க வேண்டுமே, சதுரம் எப்படியோ நகர்ந்து வேறொன்று ஆக வேண்டுமே என்று. போய்ப் படு என்று அதட்டி அனுப்புகிறார் தாத்தா. எல்லாம் பார்த்துத் திரும்பி வந்த பிறகு அவர் முதலில் தேடுவது அவனைத்தான், அவனுக்குத்தான் புரியும் என்று நம்புகிறார். ஆனால் அன்றைக்குத் தெருவில் அரசாங்க அறிவிப்பு கேட்கிறது, வேறு உலகத்திலிருந்து சேதி வந்ததாகச் சொல்பவர்களுக்குத் தண்டனை என்று. பையன் அதைக் கேட்டு முடிக்கும் வரை பேசாமல் இருக்கிறான். அப்புறம் அழுகிறான். நான் விளையாட்டுக்குச் சொன்னேன் தாத்தா, ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை என்கிறான். அவனுக்குப் புரிந்திருக்கிறது, சட்டமும் புரிந்துவிட்டது. தாத்தா விடாமல் மறுபடியும் விளக்க வரும்போது கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடுகிறான்.

சதுரர் ஆயுள் கைதியாகி ஏழு வருஷம் கழித்து இதை எழுதுகிறார். அவருடைய சகோதரரும் சிறையில்தான் இருக்கிறார், ஆட்சிச் சபைக்குள் கோளம் வந்து நின்றதைத் தன் கண்ணாலேயே பார்த்த குற்றத்துக்காக. ஏழு வருஷமாக மூன்றாவது பரிமாணத்தைப் பற்றிச் சதுரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இன்னும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சதுரருக்கும் கனசதுரம் எப்படி இருந்தது என்பது மனதில் சரியாக நிற்க மாட்டேன் என்கிறது. ‘வடக்கே அல்ல, மேலே’ என்ற சொற்களை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.