லுசைல் நாட்குறிப்பு, ஜூன் 2024

ஜூன் 3, திங்கள்

கத்தாரில் தோஹா மெட்ரோவின் சிவப்பு லைனில் வடக்குக் கோடி ஸ்டேஷன் லுசைல். வெஸ்ட் பே பக்கத்திலேயே பெரும்பாலானவர்கள் இறங்கிவிட, லெக்தைஃபியா தாண்டும்போது பெட்டியில் நாங்கள் நாலைந்து பேர்தான். 2022 டிசம்பர் 18 அன்று உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு 88,966 பேர் வந்த ஊர் இது. அகலமான நடைபாதை, புத்தம் புது டிராம், பளபளக்கும் கோபுரங்கள், எல்லாம் இருக்கிறது, ஆள்தான் இல்லை. வெயில் ஒரு காரணம், சரி. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஹோட்டல் ஜன்னல் வழியே பார்த்தால், எதிர் அடுக்ககத்தில் மாடி மாடியாக இருட்டு.

ஜூன் 4, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து வால்வு விற்க வந்தவன் என்பதால் எனக்கு இந்த ஊரின் அடியில் ஓடும் குழாய்கள்தான் முக்கியம். இங்கே கட்டடத்துக்குக் கட்டடம் சில்லர் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) வைக்கவில்லை, பொது நிலையங்களில் தண்ணீரைக் குளிரவைத்து ஊர் முழுக்க அனுப்புகிறார்கள். அற்புதமான ஏற்பாடு, இதை அமைத்த பொறியாளர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் இப்படிப்பட்ட நிலையம் போதுமான லோடு, அதாவது குளிர்ச்சிக்கான தேவை, இருந்தால்தான் சிக்கனமாக ஓடும். ஆள் வராத மாடியையும் சும்மா விட முடியாது, கடல்காற்றின் ஈரத்தில் சீலிங், மரக்கதவு எல்லாம் பூசணம் பிடித்துவிடும், அதனால் யாரும் இல்லாத அறையையும் கொஞ்சமாவது குளிரவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் விளக்கிய பராமரிப்பு மேனேஜர் மலையாளி. நடுநடுவே போனில் நம் நாட்டுத் தேர்தல் முடிவையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 7, வெள்ளி

சனையாவுக்குப் போனேன். இண்டஸ்ட்ரியல் ஏரியாவை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் கேட்கவே வேண்டாம், டீக்கடை, முடிவெட்டும் கடை, பணம் அனுப்பும் கடை எங்கும் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், தமிழ், மலையாளம், நேபாளி, வங்காளி எல்லாம் ஒரே தெருவில். லுசைலில் நான் தேடிய ஆட்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள்! எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் லுசைலில் சாரம் கட்டும் வேலை பார்க்கிறான். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம், நல்ல சட்டம். அதனால் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது, இவன் எழுந்திருப்பது இரண்டரை மணிக்கு.

"லுசைல்லயே ஒரு ரூம் கெடச்சா, பஸ்ல போற நேரத்துக்குத் தூங்கிக்குவேன்ணா" என்றான்.

குறைந்தபட்சக் கூலி மாதம் 1,000 ரியால், கம்பெனி தங்குமிடமும் சாப்பாடும் தராவிட்டால் 500-ம் 300-ம் கூட வரும். அதை வைத்துக்கொண்டு குடும்பத்தைக் கூட்டி வர முடியுமா, அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் வாடகைக்குத்தான் போக முடியுமா? காலி மாடிகளில் சிலவற்றை அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்குக் கொடுத்தால் சில்லருக்கும் லோடு கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் அந்த மேனேஜரிடம் இதைச் சொல்லத்தான் போகிறேன், ஆர்டர் எப்படிப் போனாலும் சரி.