சத்தமில்லாமல் நின்றுபோன விதிகள்

பைத்தான் நிரலை ஓட்டாமலே வாசித்து, தவறு இருக்கக்கூடிய இடங்களைச் சுட்டிக்காட்டும் சின்ன ஓப்பன் சோர்ஸ் கருவி அது. மொத்தம் நாற்பது விதிகள். எழுதியவர் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். கடைசியாக ஒழுங்காக ஓடியது பைத்தான் 3.7 பதிப்பில். நான் நிரல் எழுதப் பழகிய காலத்தில் என் தவறுகளைப் பொறுமையாகக் காட்டிக் கொடுத்த கருவி என்பதால், அதை 3.14-க்குக் கொண்டுவரும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதலில் நேராக 3.14-இல் ஓட்டிப் பார்த்தேன். உடனே நின்றது. பதிப்பு எண்களை ஒப்பிட ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’, ப்ளகின்களை ஏற்ற ‘இம்ப்’ என்று பைத்தானோடு வந்த இரண்டு மாட்யூல்களை (துணை நிரல் தொகுதிகளை) நம்பியிருந்தது, இரண்டுமே 3.12-இல் நீக்கப்பட்டவை. மாற்று எழுத அரை நாள் ஆனது. இப்படி உடைந்தால் கவலையில்லை. எந்தக் கோப்பில் எந்த வரி என்று பைத்தானே சொல்லிவிடுகிறது.

அப்புறம் கருவியைச் சோதிக்கும் டெஸ்ட்கள் எல்லாம் பச்சை, அதாவது தேர்ச்சி. நிம்மதியாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பெரிய பழைய நிரல் தொகுப்பின் மேல் கருவியை ஓட்டினேன். 3.7-இல் பக்கம் பக்கமாக எச்சரிக்கை வந்த தொகுப்பு அது. இப்போது பாதிகூட வரவில்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கருவி தன் வேலையை முடித்துவிட்டது போலவே நடந்துகொண்டது.

காரணம் தெரிய ஒரு நாள் முழுக்க ஆனது. பைத்தான் ஒரு நிரலை, அதன் அமைப்பைக் கிளை கிளையாகக் காட்டும் தொடரியல் மரமாகப் பிரித்துத் தரும். நம் விதிகள் அந்த மரத்தின் கணுக்களைப் பார்வையிடும். 3.7 வரை எண்ணுக்கு ‘நம்’, எழுத்துச் சரத்துக்கு ‘ஸ்டர்’, ட்ரூ, ஃபால்ஸ், நன் மூன்றுக்கும் ‘நேம்கான்ஸ்டன்ட்’ என்று தனித்தனிக் கணுக்கள். 2019-இல் வந்த 3.8 எல்லாவற்றையும் ‘கான்ஸ்டன்ட்’ என்ற ஒரே கணுவாக்கியது. ஒரு வகைக் கணு வந்தால் ஓட வேண்டிய நிரல் துண்டுதான் மெத்தடு. பழைய பெயரில் எழுதிய ‘விசிட்_நம்’ போன்ற மெத்தடுகளைப் பைத்தான் 3.13 வரை தானாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. 2025 அக்டோபரில் வந்த 3.14 அந்த வசதியை எடுத்துவிட்டது. மெத்தடு இருக்கிறது, கூப்பிட ஆள் இல்லை. கூப்பிடாத மெத்தடு எப்படிப் பிழை காட்டும்? எங்கள் டெஸ்ட்களும் உதவவில்லை: அந்த விதிகளுக்கு இருந்தவை எல்லாம் ‘இந்த நல்ல நிரலில் எச்சரிக்கை வரக்கூடாது’ என்ற வகை. வரவில்லை, அதனால் பச்சை.

அங்கேயே வழியை மாற்றினேன். ஒரே தாவலாகப் போகாமல் 3.8, 3.9 என்று ஒவ்வொரு பதிப்பாக ஏறுவது. அதே நிரல் தொகுப்பை ஒவ்வொன்றிலும் ஓட்டி, முந்தைய பதிப்பின் வெளியீட்டோடு வரி வரியாக ஒப்பிடுவது. கூடியது, குறைந்தது எதுவானாலும் காரணம் தெரியாமல் அடுத்த படி ஏறக்கூடாது.

3.8-இல் ‘விசிட்_கான்ஸ்டன்ட்’ எழுதி, மதிப்பு முழு எண்ணா என்று சோதித்தேன். எச்சரிக்கைகள் கொட்டின. பைத்தானில் பூலியன் (ட்ரூ, ஃபால்ஸ்) என்பது முழு எண்ணின் துணை வகை. ட்ரூ இருந்த இடமெல்லாம் ‘விளக்கமில்லாத எண்’ என்று புகார். பூலியனை முதலில் விலக்க வேண்டும். அதே பதிப்பில் இன்னொரு மாற்றம்: டெக்கரேட்டர் (ஃபங்ஷனுக்கு மேலே ‘@’ போட்டு எழுதும் வரி) போட்ட ஃபங்ஷனின் வரி எண் அதுவரை முதல் டெக்கரேட்டரைக் காட்டியது, இப்போது ஃபங்ஷன் தொடங்கும் ‘டெஃப்’ வரியைக் காட்டுகிறது. டெக்கரேட்டர் வரியில் ‘இதை விட்டுவிடு’ என்று குறிப்பு எழுதியிருந்தவர்களுக்கு, அடக்கிய எச்சரிக்கைகள் எல்லாம் திரும்பி வந்தன. இரண்டு வரிகளில் எங்கே குறிப்பு இருந்தாலும் ஏற்கும்படி செய்தேன். பயனர்கள் தங்கள் கோப்புகளைத் திருத்த வேண்டிய கட்டாயம் வரக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம்.

3.9 தான் எனக்கு மிகவும் பயம் தந்தது. சதுர அடைப்புக்குள் இருக்கும் மதிப்பைச் சுற்றி அதுவரை ‘இன்டெக்ஸ்’ என்ற உறை இருந்தது, ‘.வேல்யூ’ கேட்டால் உள்ளே இருக்கும் கணு கிடைக்கும். உறையை எடுத்துவிட்டார்கள். உள்ளே வெறும் பெயர் இருந்தால் கருவி விழும், தெரிந்துவிடும். உள்ளே ‘அ.ஆ’ போல ஆட்ரிப்யூட் (‘அ’வின் உறுப்பான ‘ஆ’) இருந்தால்? அந்தக் கணுவுக்கும் ‘.வேல்யூ’ உண்டு. அது ‘அ’வை மட்டும் தரும். விதி தவறான கணுவைப் பார்த்துவிட்டு, சரியாகப் பார்த்ததாக நினைத்துக்கொள்ளும். வெளியீட்டை ஒப்பிட்டிருக்காவிட்டால் இதை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

3.10, 3.11 எளிதாகப் போயின. புதிதாக வந்த ‘மேட்ச்’ கட்டளையின் கணுக்களுக்கும், பிழைகளைக் கையாளும் ‘எக்ஸெப்ட் ஸ்டார்’ கொண்டுவந்த ‘ட்ரைஸ்டார்’ கணுவுக்கும் விதிகளை நீட்டினால் போதும்.

3.12-இல் எஃப்-ஸ்ட்ரிங், அதாவது நடுவே மதிப்புகளைப் பொதிந்து எழுதும் எழுத்துச் சரம். முன்பு அது முழுசாக ஒரே டோக்கன் (நிரலை வாசிக்கும்போது பிரிக்கும் சிறு துண்டு). இப்போது தொடக்கம், நடு, முடிவு என்று பிரிந்து, உள்ளே இருக்கும் குறிகளும் தனித்தனி டோக்கன்களாக வருகின்றன. அகலம் குறிக்கப் போடும் முக்காற்புள்ளியைப் பார்த்து எங்கள் இடைவெளி விதி ‘பின்னால் இடம் விடு’ என்றது. அதைக் கேட்டு இடம் விட்டிருந்தால் நிரலின் வெளியீடே மாறியிருக்கும். எஃப்-ஸ்ட்ரிங்குக்குள் இருக்கிறோமா என்று எண்ணிக்கொண்டே போகும் பகுதி ஒன்றை எழுத வேண்டியிருந்தது.

3.13-இல் வித்தியாசமே இல்லை. 3.14-இல் இந்த முறை எச்சரிக்கைகள் குறையவில்லை.

முடிப்பதற்கு முன் ஒரு டெஸ்ட் சேர்த்தேன். விதிகளில் ‘விசிட்_’ என்று தொடங்கும் ஒவ்வொரு மெத்தடையும் எடுத்து, அந்தப் பெயரில் பைத்தானில் கணு உண்டா என்று பார்க்கும், இல்லையென்றால் சிவப்பு. பழைய பெயர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன் என்ற நம்பிக்கையில்தான் ஓட்டினேன். ஒன்று சிவப்பாக வந்தது. ‘அசிங்க் ஃபார்’ சுழலைக் குறிக்கும் ‘அசிங்க்ஃபார்’ கணுவின் பெயரில் ஃபார் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். யாரோ சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். அந்த விதி 3.7-இலும் ஓடியதே இல்லை. திருத்தி, முதல் முறையாக அதே தொகுப்பின் மேல் ஓட்டினேன். ஏழு இடங்களைக் காட்டியது. ஏழையும் திறந்து பார்த்தேன். ஐந்து உண்மையான தவறுகள்.