பான் வினாய் முகாம்ல தைச்ச கதைத் துணிகள்

எம்பிராய்டரின்னா பொழுதுபோகாம பண்றதுன்னு யாராவது சொன்னா எனக்கு உடனே லாவோஸ் மலைப்பக்கத்து மோங் இனப் பெண்களோட கதைத் துணிதான் ஞாபகம் வரும். 1975ல லாவோஸ் கம்யூனிஸ்ட்காரங்க கைக்குப் போனதும், அதுவரைக்கும் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ பக்கம் நின்னு சண்டை போட்ட மோங் மக்கள் உசுரு தப்பிச்சா போதும்னு காடு மலையெல்லாம் நடந்து, மேகாங் ஆத்தை ராத்திரியில தாண்டி தாய்லாந்துக்கு ஓடி வந்தாங்க. அதுல ஏகப்பட்ட பேர் போய்ச் சேர்ந்த இடம் லோய் மாகாணத்துல இருந்த பான் வினாய் முகாம். மலையில நெல்லும் சோளமும் போட்டு வாழ்ந்தவங்க, அங்க உழ நிலம் இல்ல, வெளிய போய் வேலை பார்க்கவும் விடமாட்டாங்க. கைவசம் இருந்தது ஊசி வேலைதான்.

அதுவும் லேசுப்பட்ட வேலை இல்லங்க. மேல் துணிய மெல்லிசா கத்தரிச்சு, ஓரத்தை உள்ள மடிச்சு, தையல் வெளிய தெரியாம தைச்சு, அடித்துணியோட கலரை நத்தைச் சுருள் மாதிரி எடுத்துக் காட்டுவாங்க, புத்தாண்டு உடுப்புக்கும் குழந்தையை முதுகுல கட்டுற துணிக்கும் அம்மாகிட்ட பொண்ணு கத்துக்கிட்டது. முகாமுக்கு வந்த பிறகுதான் மனுஷ உருவம் வெச்சு கதை சொல்ற துணி பரவலா வந்துச்சு. வரைஞ்சு கொடுத்தது நிறைய ஆம்பளைங்க, நூல் போட்டது பொம்பளைங்க. மேல விமானம், துப்பாக்கியோட சிப்பாய்ங்க, நடுவுல மூட்டையும் பிள்ளையுமா நடக்குற குடும்பம், குறுக்கே நீலமா மேகாங், அதுல மூங்கிலையும் டியூபையும் பிடிச்சுக்கிட்டு மிதக்குற தலைங்க. விரல் நீளம் கூட இல்லாத அந்த உருவத்துக்கும் இடுப்புத் துணி, தலைப்பாகை எல்லாம் சரியா இருக்கும், பார்த்தா கண்ணு கலங்கிடும்.

தொண்டு நிறுவனங்க வாங்கி வித்தாங்க, அமெரிக்கா போன சொந்தக்காரங்களும் அங்க வித்து காசு அனுப்பினாங்க. பளிச்சுன்னு இருந்த கலர் போய் அமெரிக்க வீட்டு சோஃபாவுக்குப் பொருந்துற மாதிரி நீலம், பழுப்புன்னு மாறுச்சு, இங்கிலீஷ் வாசகம் கூட ஊசியில ஏறுச்சு. இதனால பாரம்பரியம் கெட்டுப்போச்சுன்னு சிலர் சொல்றாங்க, நான் ஒத்துக்கவே மாட்டேன். பிள்ளைங்களுக்கு சோறு போடணும், அதுக்காக கலரை மாத்தினாங்க, ஆனா ஆத்துல செத்தவங்களை துணியில இருந்து எடுக்கலையே!

முகாமை 1992ல மூடிட்டாங்க. அந்தத் துணிங்க இன்னைக்கு அமெரிக்க மியூசியங்கள்ல கண்ணாடிக்குள்ள இருக்கு, பல துணியில தைச்சவங்க பேர் கூட இல்ல, அது எனக்கு ஆறவே மாட்டேங்குது.