டிரம்ஸ் எங்கே போனது?

கமோடோர் 64 கணினியின் பழைய விளையாட்டு இசையை லேப்டாப்பில் கேட்கலாமே என்று ஒருநாள் உட்கார்ந்தேன். பத்து நிமிட வேலை என்றுதான் நினைப்பு. இறக்கிய சிட் கோப்பு வெறும் 4 கிலோபைட். பாதியில் அறுந்துவிட்டதோ என்று மறுபடி இறக்கினேன். அதே 4 கிலோபைட். வழக்கமான பிளேயர் எதுவும் அதைத் திறக்கவில்லை.

அதற்குள் முழுப் பாட்டின் ஒலிப்பதிவு கிடையாது, இருப்பது நிரல் என்பது அப்புறம்தான் புரிந்தது. 1982-இல் வந்த அந்தக் கணினியில் பாப் யானஸ் வடிவமைத்த சிட் என்ற ஒலிச் சிப் உண்டு. ஒரே நேரத்தில் ஒலிக்க மூன்றே குரல்கள், ஒலியை வடிகட்டிச் சாயலை மாற்ற ஒரு ஃபில்டர். நிரல் பெரும்பாலும் நொடிக்கு 50 முறை சிப்பின் ரிஜிஸ்டர்களில், அதாவது அதைக் கட்டுப்படுத்தும் நினைவிடங்களில், எண்களை மாற்றி எழுதும், அதுதான் இசை. ஆக, பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் அந்தக் கணினியின் பிராசசரையும் சிப்பையும் மென்பொருள் நடித்துக் காட்ட வேண்டும்.

சிட்பிளேஎஃப்பி என்ற மென்பொருளை நிறுவினேன். முதல் கோப்பு உடனே பாடியது. பேசிக் என்ற நிரல் மொழியில் எழுதிய ஒன்று மட்டும் ஊமையாக இருந்தது. ரோம் கோப்புகள், அதாவது அந்தக் கணினிக்குள்ளேயே பதிந்திருந்த மென்பொருளின் நகல்கள், இருக்கும் இடத்தைக் காட்டியதும் சரியானது.

என்னைச் சோதித்தது இன்னொரு பாட்டு. மெட்டு தெளிவாகக் கேட்கிறது, டிரம்ஸ் மட்டும் ஏதோ பக்கத்து வீட்டில் அடிப்பதுபோல. ஸ்பீக்கர், கேபிள், ஹெட்போன் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். தப்பு என்னுடையது. சிட் சிப்பில் 6581, 8580 என்று இரண்டு வகை. புதியதுதானே நல்லது என்று எல்லாப் பாட்டுக்கும் 8580-ஐக் கட்டாயமாக்கி வைத்திருந்தேன். பழைய 6581-இல் ஒரு குறை: ஒலியளவை மாற்றும்போதெல்லாம் 'டிக்' என்று சத்தம் வரும். இசை நிரலாளர்கள் அந்தக் குறையையே பிடித்துக்கொண்டு, ஒலியளவின் 16 படிகளை மின்னல் வேகத்தில் மாற்றி, நிரலோடு சேர்த்து வைத்த குட்டி டிரம்ஸ் பதிவுகளை ஒலிக்க வைத்தார்கள். 8580-இல் குறையைச் சரிசெய்தார்கள், டிரம்ஸும் அடங்கிப்போனது! கட்டாயத்தை எடுத்துவிட்டு, கோப்பு கேட்கும் சிப்பையே கொடுத்தேன். டிரம்ஸ் அதிர்ந்தது.

ஃபில்டர் விஷயத்தில் ஒரு மாலையே வீண். 6581-இன் ஃபில்டர் ஒவ்வொரு சிப்பிலும் கொஞ்சம் வேறுபடும் என்பதால், 'சரியான' அளவு என்று ஒன்று இல்லை. காதுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

பாட்டு முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்த தொல்லை, ஹை வோல்டேஜ் சிட் கலெக்ஷன் என்ற சிட் கோப்புகளின் தொகுப்போடு வரும் கால அளவுப் பட்டியலை இணைத்ததும் போனது.

இதற்கிடையே ஒரு விளையாட்டின் முகப்பு இசையை நாள்கணக்கில் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு கோப்பில் பல பாட்டுகள் இருக்கும் என்று தெரியாது. ஏற்கெனவே கையில் இருந்த கோப்பில்தான், நான்காவதாக, அது இருந்தது.