வேற்றுலக விருந்தாளிக்கு 221 துடிப்புகள்

எங்கள் படத்தின் முதல் திரைக்கதை 96 பக்கங்கள் இருந்தது. அதில் 41 காட்சிகளில் வேற்றுக்கிரகவாசிகள் நடந்தார்கள், பேசினார்கள், ஓரிடத்தில் ஓடவும் செய்தார்கள். தயாரிப்பு நிறுவனத்தின் துணை ஏதுமின்றி, நண்பர்கள் ஏழு பேர் சேமிப்பைத் திரட்டி எடுக்கத் துணிந்த படம் இது. கிராஃபிக்ஸ் பணியை ஏற்றிருந்த நண்பர் ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் அதற்கு வேண்டிய ஷாட்டுகளின் எண்ணிக்கையைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். கூட்டிப் பார்த்தபோது முந்நூறைத் தாண்டியது. தனியொருவராகச் செய்தால் நான்கு ஆண்டுகள் பிடிக்கும் என்றார்.

காட்சிகளை வெட்டத் தொடங்கினேன். கதை எலும்பும் தோலுமாக ஆயிற்றே ஒழிய, வேலை குறைந்தபாடில்லை. வருவது யார் என்ற கேள்விக்கு நான் அதுவரை நேர்மையாக விடை தேடவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா செண்டாரி 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தொலைவைக் கடக்கச் சுமார் 75,000 ஆண்டுகள் ஆகும். உயிருள்ள உடலொன்று இத்தனை காலத்தைத் தாண்டி வந்தது என்று பார்ப்பவரை நம்பவைக்க என்னிடம் வழியில்லை. ஆனால், அனுப்பியவர்கள் மறைந்துபோன பின்னும் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும் ஒரு கருவி, ஒரு பெண்ணின் வீட்டு வாசலுக்கு எதிரே வந்து இறங்குவதை என்னால் முழு மனதோடு நம்ப முடிந்தது. அது நகராது, பேசாது. ஒளியைத் துடிக்கவிடும், அவ்வளவுதான். ஷாட்டுகள் 58 ஆகக் குறைந்தன, கதையோ முன்னைவிடக் கனம் பெற்றது.

அந்தத் துடிப்புகள் எதைச் சொல்ல வேண்டும் என்பதில்தான் எங்கள் திட்டமிடலின் பெரும்பகுதி கழிந்தது. 1974இல் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து விண்வெளிக்கு அனுப்பப்பட்ட செய்தியில் இருவகையான துடிப்புகள் மொத்தம் 1,679 இருந்தன. 23, 73 என்ற இரு பகா எண்களின் பெருக்கம் அது. ஆகவே அத்துடிப்புகளை அந்த அளவுள்ள கட்டத்தில் அடுக்கினால் ஒரு படம் தோன்றும். இந்த முறையை நாங்களும் பின்பற்ற முடிவு செய்தோம். நொடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடும் படத்தில் ஃபிரேமுக்கு ஒரு துடிப்பு என்று வைத்தால், 1,679 துடிப்புகள் 70 நொடிகளில் முடிந்துவிடும் என்று கணக்கிட்டு மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியை எங்கள் படத்தொகுப்பாளர்தான் தடுத்தார், அதற்காக அவருக்கு என்றும் நன்றியுடையேன். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் ஒளி, ஒளியால் வலிப்பு தூண்டப்படக்கூடியவர்களுக்கு ஆபத்தானது. எங்கள் படத்தைப் பார்க்க வரும் ஒருவருக்கும் தீங்கு நேரக்கூடாது என்பதில் எங்களுக்குள் இரண்டாம் கருத்து எழவில்லை. எட்டு ஃபிரேம்களுக்கு ஒரு துடிப்பாக மெதுவாக்கினால் அதே செய்தி ஒன்பது நிமிடங்களைத் தாண்டிவிடும். எனவே 13ஐ 17ஆல் பெருக்கி வரும் 221 துடிப்புகளைத் தேர்ந்தோம். அது 74 நொடிகளுக்குள் அடங்கியது. கலை இயக்குநர் கட்டத் தாளில் அந்தப் படத்தைக் கையால் நிரப்பினார்: வாசலில் நிற்கும் ஒரு பெண். கருவி தான் கண்டதையே திருப்பிக் காட்டுகிறது. கட்டத்தைத் திருப்பி, 17 நிரைகளுக்குப் பதிலாக 13 நிரைகளாக அடுக்கினால் சிதறிய புள்ளிகளே கிடைக்கும் என்பதால், நாயகி முதலில் தவறாக அடுக்கும் காட்சி ஒன்றும் திரைக்கதையில் தானாக வந்து சேர்ந்தது.

கருவியை கிராஃபிக்ஸில் சேர்த்தாலும், அதன் ஒளி நடிகையின் முகத்தில் உண்மையாகவே விழ வேண்டும் என்று ஒளிப்பதிவாளர் உறுதியாக இருந்தார். சோதனைப் படப்பிடிப்பில், வாங்கியிருந்த எல்இடி விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்தவுடன் படத்தில் கரும்பட்டைகள் ஓடின. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிந்துதான் அவ்வகை விளக்கு வெளிச்சத்தைக் குறைக்கிறது; கேமராவின் சென்சார் வரிசை வரிசையாகப் பதிவுசெய்வதால் அது பட்டைகளாகத் தெரிகிறது. வெளிச்சத்தைக் குறைக்காமல், விளக்கின் முன் துணியைக் கட்டி மட்டுப்படுத்தினோம். இந்தச் சோதனை நாள் இல்லாதிருந்தால் முதல் வாரப் படப்பிடிப்பு முழுவதும் வீணாகியிருக்கும். அதன் பின்னர், கருவி இடம்பெறும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் லென்ஸ் அளவு, கேமரா உயரம், கருவி இருக்க வேண்டிய தொலைவு ஆகியவற்றைக் குறிக்கவும், நடிகையின்றி வெறும் இடத்தை ஒருமுறை எடுக்கவும், சுற்றியுள்ள வெளிச்சம் பதியும்படி கண்ணாடிபோல் பளபளக்கும் உருண்டையை வைத்து ஒரு டேக் எடுக்கவும் உதவி இயக்குநரின் பட்டியலில் இடம் ஒதுக்கினோம்.

பதினெட்டு நாள் கால்ஷீட்டில் ஏழு இரவுகள் வெட்டவெளியில் அமைகின்றன. நிலவொளி வானத்தை வெளுக்கச் செய்யாதிருக்க அவற்றை அமாவாசையை ஒட்டி வைத்திருக்கிறோம். மேகம் சூழ்ந்தால் ஈடுகட்ட இரண்டு இரவுகள் கூடுதலாக உண்டு. நாயகியாக நடிப்பவர் 221 துடிப்புகளையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். 74 நொடிக் காட்சியை ஒரே டேக்கில், வெட்டின்றி, அவருடைய முகத்தில் மட்டும் எடுக்கப் போகிறோம்.