நாலே முக்கால் மணிக்கு ஒரு பூவன் பழம்

சென்ற ஆண்டு ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எனக்கு 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று பொருள். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் ஒழுங்கு செய்யுங்கள் என்றார் மருத்துவர். உணவு ஆலோசகர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எட்டரைக்கு டிபன், பதினொன்றுக்கு ஒரு பழம், ஒன்றரைக்குச் சாப்பாடு, ஐந்துக்குச் சுண்டல், எட்டுக்கு இரவு உணவு. எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. அந்தத் தாள் இன்றும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

சேலம் லீ பஜாரில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் வெளியே வர முடியும். ஆகவே எனக்கென்று இருப்பது விடியற்காலை மட்டும்தான். ஐந்தேகாலுக்குக் கோரிமேட்டிலிருந்து தோழிகள் இருவரோடு சைக்கிளில் கிளம்பி, ஏற்காடு அடிவாரம் தாண்டிக் கொஞ்ச தூரம் மேலேறித் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏரி வரை போவோம். தாளில் எழுதியிருந்த நேரங்களுக்கும் இந்த நேரத்துக்கும் ஒட்டே இல்லை. அதை அன்றே உணவு ஆலோசகரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

முதல் மாதம் வெறும் வயிற்றோடுதான் போனேன். “வெறும் வயிற்றோடு மலை ஏறாதே கண்ணு” என்று என் மாமியார் ஒவ்வொரு நாளும் சொன்னார். சர்க்கரை குறைய வேண்டுமென்றால் வெறும் வயிறுதான் நல்லது என்று நானாக நினைத்துக்கொண்டேன். வார நாட்களில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஞாயிறு, ஏழாவது வளைவில் கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. புறங்கழுத்தில் சில்லென்று வியர்த்தது. எதிரே இருந்த வளைவுப் பலகையில் எண் இரண்டாகத் தெரிந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன். தோழி பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். பத்து நிமிடத்தில் கை நிலைக்கு வந்துவிட்டது.

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவளுக்கு அடுத்த கவளம் காலையில்தான். ஈரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரை ஏறத்தாழ 100 கிராம்தான். தூங்கும்போதும் மூளைக்கு அதிலிருந்துதான் படி அளக்க வேண்டும். விடியும்போது அந்தக் கிடங்கு கணிசமாகக் குறைந்துவிடும். தசைக்குள் இருப்பு தனியாக உண்டு. அதை நம்பி ஒரு மணி நேரம் ஓட்டலாம். இரண்டரை மணி நேர ஏற்றத்துக்குப் போதாது.

பயந்துபோய் அடுத்த வாரம் நாலரைக்கே நான்கு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டுக் கிளம்பினேன். மூன்றாவது வளைவுக்குள் சாம்பார் தொண்டை வரை வந்தது. கால் உழைக்கும்போது ரத்தம் காலுக்குத்தான் ஓடும், வயிற்றுக்கு வருவது குறைந்துவிடும். முழுச் சாப்பாடு என்றால் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

மூன்றாவது தவறு சத்தமில்லாமல் நடந்தது. கிளம்பும் முன் ஒரு பழம், திரும்பி வந்ததும் பேரீச்சையும் பாலும் என்று சேர்த்துக்கொண்டேன். தாளில் இருந்ததையும் விடவில்லை. ஐந்து வாரத்தில் ஒன்றரைக் கிலோ கூடியது. அந்த எடையைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது: உடற்பயிற்சிக்கென்று தனியாக எதையும் கூட்டக் கூடாது, இருப்பதை நகர்த்த வேண்டும். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

பதினொரு மணிப் பழத்தை நாலே முக்காலுக்குக் கொண்டுவந்தேன். ஒரே ஒரு பூவன். சமையலறை விளக்கைப் போட்டு, நின்றபடியே, மென்று சாப்பிட்டு அரை டம்ளர் தண்ணீர் குடிப்பேன். அரை மணி நேரத்தில் வயிறு அதை மறந்துவிடுகிறது. எட்டரை டிபன் ஏழரைக்கு வந்தது. பயிற்சி முடித்து அரை மணிக்குள் சாப்பிடாவிட்டால் எல்லாம் வீண் என்று பலர் மிரட்டுகிறார்கள். அப்படி எந்த அவசரமும் இல்லை. நாள் முழுவதும் சாப்பிடும் மொத்த அளவுதான் முக்கியம். ஆனால் ஏழரைக்கு இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை என்று உட்கார்ந்தால் மண்டியில் பதினொரு மணிக்குப் பசி வருவதில்லை. முட்டை இரண்டில் 12 கிராம் புரதம் இருக்கிறது. என் எடை 64 கிலோ, தாளின் கணக்கில் நாளுக்கு ஏறக்குறைய அதே அளவு கிராம் புரதம் வேண்டும். அதை ஒரே வேளையில் அடைக்காமல் மதியம் கொள்ளுப் பருப்பு, மாலை பச்சைப்பயறுச் சுண்டல், இரவு தயிர் என்று பிரித்துக்கொள்கிறேன்.

ஞாயிறுக்கு வழி சொன்னவர் மாமியார்தான். அவர் வளர்ந்தது ஆத்தூர்ப் பக்கம், சுற்றிலும் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளிக் காடும், அதிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையும். “அரை டம்ளர் ஜவ்வரிசிக் கஞ்சி குடித்துப் பார், வயிற்றில் கனக்காது” என்றார். ஜவ்வரிசி ஏறத்தாழ முழுக்க மாவுச்சத்து. சும்மா உட்கார்ந்திருக்கும் நாளில் என்னைப் போன்றவர்களுக்கு ஆகாது. ஏற்றத்துக்கு முன்னால் அந்தக் குணமே கைகொடுக்கிறது. சிட்டிகை உப்புப் போட்டு நீர்க்கக் காய்ச்சிக் குடிக்கிறேன். அதற்கு ஈடாக மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறையும். வழியில் சாப்பிட நான்கு பேரீச்சை. வாழைப்பழத்தை மட்டும் மலைப்பாதையில் வெளியே எடுக்காதீர்கள். தோல் உரியும் முன்பே குரங்கு வந்து நிற்கும். ஒருமுறை தோழியின் பை ஜிப்பையே கிழித்துவிட்டது.

சனிக்கிழமை மாலை தட்டுவடை செட் சாப்பிடுவேன். அன்று சுண்டல் கிடையாது. பீட்ரூட்டும் கேரட்டும் துருவி இரண்டு தட்டுவடைக்கு நடுவே காரச் சட்னியோடு வைத்துத் தருவதை விட்டுவிட்டு சேலத்தில் வாழ முடியாது.

இரவு எட்டுக்குச் சாப்பிட்டதும் தெருவில் கால் மணி நேரம் நடக்கிறேன். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையைத் தசைகள் அப்போதே இழுத்துக்கொள்கின்றன. இதற்கு வேர்க்க வேண்டியதில்லை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் இதில் எதையும் மருத்துவரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள். வெறும் வயிற்றுப் பயிற்சியில் சர்க்கரை இறங்கும் ஆபத்து அவர்களில் பலருக்கு என்னைவிட அதிகம்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது எச்பிஏ1சி 5.8. கூடிய எடையும் இறங்கிவிட்டது. ஐப்பசி அடைமழையில் மலைப்பாதை வழுக்கும், சைக்கிள் எடுக்க மாட்டோம். அந்த நாட்களில் நாலே முக்காலுக்கு நான் தூங்கிக்கொண்டிருப்பேன். பூவன் பழம் டப்பாவில் ஏறி என்னோடு லீ பஜாருக்கு வரும், பதினொரு மணிக்குப் பேரேட்டை மூடிவைத்துவிட்டுச் சாப்பிடுவேன்.