வண்டி நிற்கும் இடம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பாரம்பரிய விடுதியில் வழிகாட்டியாகப் பணிபுரியும் எனக்கு, இரண்டு மூன்று நாள் தங்கும் விருந்தினரைப் பற்றிக் கவலை இருந்ததில்லை. காலையில் மதுரையிலிருந்து வந்து, மதியம் இலையில் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் தஞ்சாவூருக்குக் கிளம்ப வேண்டியவர்களை வைத்துக்கொண்டுதான் திண்டாட வேண்டும். அவர்களுக்காகவே விடுதியில் ஒரு திறந்த ஜீப்பும், ஒன்றரை மணி நேரச் சுற்றும் உண்டு. மூன்று ஊர், மூன்று வீடு, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் ஒரு பட்டறை என்பது அதன் பழைய அமைப்பு. முதல் வீட்டில் பர்மாத் தேக்குத் தூண்களைத் தடவிப் பார்த்து வியப்பவர்கள், மூன்றாவது வீட்டின் முகப்பிலேயே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையில் கிடக்கும் செம்மண் பொட்டலையும், சீமைக்கருவேல் மண்டிய கண்மாய்களையும் கடக்கும்போது நானும் பேச மாட்டேன், அவர்களும் கேட்க மாட்டார்கள்; எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கும்.

இந்த நிலையில்தான், ஒரு குளிர்காலத்தில், விடுதி நிர்வாகம் எங்களில் சிலரை ராஜஸ்தானுக்கு அனுப்பி வைத்தது. அரண்மனை விடுதிகளில் விருந்தோம்பல் எப்படி நடக்கிறது என்று பார்த்து வருவதே நோக்கம். தலைப்பாகை கட்டிய வரவேற்பு, வெள்ளித் தட்டில் வரும் உணவு முதலியவற்றை எல்லாம் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. ஜெய்சால்மரில் ஒரு பிற்பகல் நாங்கள் சென்ற குறுகிய ஜீப் சுற்றுதான் என் வேலையை நான் பார்க்கும் விதத்தை மாற்றியது.

எங்களுக்கு வாய்த்தவர் ஓட்டுநரும் வழிகாட்டியும் தாமே ஆனவர். நடுத்தர வயது, இந்தியில் பேசினார், எங்களில் ஒருவர் புரிந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொன்னார். மொழி குறுக்கே நின்றதால் அவர் சொற்களைச் சிக்கனமாகத்தான் செலவழிக்க முடிந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் மொழி தெரிந்தவர்களிடமும் அவர் இப்படித்தான் பேசுவார் என்றே எனக்குத் தோன்றியது.

பாலைவனம் என்றவுடன் நம் மனத்தில் எழுவது அலை அலையான மணல்மேடுகள்தான். ஜெய்சால்மரைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி அப்படி இல்லை. மஞ்சள் கலந்த பாறைத் தட்டுகளும், சரளைக் கற்கள் பரவிய வெட்டவெளியும், இடையிடையே முட்புதர்களுமாகக் கிடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் தேடிச் செல்லும் சம் மணல்மேடுகள் நகரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. மற்ற வண்டிகள் இந்த இடைவெளியை வேகமாகத் தாண்டி மணலுக்கு ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் ஓட்டுநரோ சாலையை விட்டு இறங்கி, சரளை நிலத்தில் தனித்து நின்ற ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினார்.

அவர்கள் கேஜ்ரி என்று அழைக்கும் அந்த மரம் நம் வன்னி. ராஜஸ்தானின் மாநில மரம் அது. நம் ஊரில் விருத்தாசலம் போன்ற கோயில்களில் தல மரமாகச் சுற்றுச்சுவருக்குள் நிற்பதையும், விஜயதசமியன்று அம்பு போடும் விழாவில் அதைத் தேடுவதையும் மட்டுமே நான் அறிந்திருந்தேன். அங்கே அது உணவு, தீவனம், விறகு, நிழல் எல்லாமாக இருக்கிறது. காய்களைப் பறித்து உலர்த்திக் காய்கறியாகச் சமைக்கிறார்கள். கிளைகளை ஆண்டுதோறும் கழித்து இலைகளை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுகிறார்கள். வேர் மிக ஆழத்தில் நீர் தேடுவதால், அதன் அடியில் விதைத்த கம்பு வாடுவதில்லை, மாறாகச் செழிக்கிறது என்பது உழவர்களின் அனுபவம். 1730இல் ஜோத்பூருக்கு அருகிலுள்ள கேஜர்லியில், இம்மரங்களை வெட்ட வந்த அரச ஆட்களைத் தடுத்து, அம்ரிதா தேவி முதலான பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர்விட்டார்கள். இவை அனைத்தையும் அவர் சொல்லவில்லை. கழிக்கப்பட்ட கிளையின் வடுக்களை அடியிலிருந்து மேலாக விரலால் தொட்டுக் காட்டி, ஒவ்வொரு வடுவும் ஒரு கோடையைக் கடத்திய கதை என்று மட்டும் சொன்னார். மற்றவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள்தான். கேள்வி விருந்தினரிடமிருந்து பிறக்கும்படி ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்பதை அந்த மரத்தடியில் கண்டுகொண்டேன்.

மணல் தொடங்கும் இடத்தில் இறங்கி, நான்கு சக்கரங்களிலும் காற்றைக் குறைத்தார். சாலையில் 30 பாயிண்டுக்கு மேல் இருந்த காற்றை 18 அளவுக்கு இறக்கினால் டயர் சற்றுத் தட்டையாகி, மணலைப் பரந்து மிதிக்கும், புதையாது. மேட்டில் ஏறும்போது நேராக ஏற வேண்டும். சாய்வாக ஏறினால் வண்டி கவிழும். பாதி ஏற்றத்தில் நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் சக்கரம் சுழன்று குழி பறித்துக்கொள்ளும். இறங்கிப் பார்க்க வேண்டுமானால் முகடு தாண்டி, முகப்பு பள்ளத்தைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். அப்போதுதான் திரும்பக் கிளம்புவது எளிது. வண்டி எங்கே நிற்கலாம் என்பதை அங்கே மணல்தான் தீர்மானிக்கிறது. வழிகாட்டி தன் பேச்சை அந்த நிறுத்தங்களுக்குப் பொருத்திக்கொள்கிறார்.

அப்படி நின்ற ஒரு சரிவில், ஓர் எருக்கஞ்செடியைச் சுற்றி எங்களைக் குந்தச் சொன்னார். கைக்குட்டை அளவு மணல்தான். அதில் இரட்டைத் தையல் போட்டது போல ஓடிய வரி வண்டு நடந்தது. இருபுறமும் சிறு கால் தடமும் நடுவில் நீண்ட கீறலுமாகப் போனது வாலை இழுத்துச் சென்ற பல்லி. அந்தக் கீறல் செடியின் தூரில் ஒரு துளைக்குள் மறைந்தது. காற்று வரும் பக்கம் மணல் மெல்ல ஏறி, மறுபக்கம் செங்குத்தாகச் சரிவதைக் காட்டி, இரவில் காற்று எங்கிருந்து வீசியது என்று எங்களையே கேட்டார். எங்கள் குழுவில் எதையும் எளிதில் ரசிக்காத கணக்காளர்தான் முதலில் சரியாகச் சொன்னார். அதற்குப் பின் அவர் கைப்பேசியை எடுத்ததாக நினைவில்லை.

அதே நேரத்தில் சற்றுத் தள்ளி, வேறு ஜீப்புகள் மேடுகளில் ஏறிப் பாய்ந்து, விருந்தினரை அலற வைத்துக்கொண்டிருந்தன. அதற்குத்தான் பெரும்பாலானோர் பணம் கொடுக்கிறார்கள் என்பது தெரியும். தொழில் செய்பவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. ஆயினும் ஒரு நிலத்தை ராட்டினமாக்கிவிட்ட பிறகு அதற்கு வழிகாட்டி எதற்கு என்ற கேள்வி எனக்கு இன்றும் இருக்கிறது. எங்கள் ஓட்டுநர் பழைய சக்கரத் தடங்களை விட்டு விலகவில்லை. மணலைப் பிடித்து வைத்திருப்பது சேவண் என்னும் புல்; அதன் தூர் உடைந்தால் மணல் நகரத் தொடங்கும், மாட்டுக்கும் மேய்ச்சல் போகும் என்றார். கானமயிலைக் காட்ட முடியுமா என்று ஒருவர் கேட்டதற்கு, முடியாது என்று உடனே பதில் வந்தது. அது மணல்மேட்டுப் பறவை இல்லை, புல்வெளிப் பறவை. உலகில் இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. மின்கம்பிகளில் மோதிச் சாவது அதற்குப் பெரும் ஆபத்து. அதன் இடத்துக்குள் வண்டி கொண்டுபோவது தம் வேலை இல்லை என்று முடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் தமிழகத்தின் வறண்ட புல்வெளிகளிலும் அது இருந்தது. பார்க்கலாம் என்று சொல்லி இழுத்தடிப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். முடியாது என்பதைக் காரணத்தோடு சொன்னால் விருந்தினருக்கு ஏமாற்றம் குறைகிறது, பேசுபவர் மீது நம்பிக்கை கூடுகிறது என்பதை அன்று எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து உணர்ந்தேன்.

திரும்பும் வழியில் குல்தராவுக்குப் போனோம். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, 19ஆம் நூற்றாண்டில் ஆளற்றுப் போன ஊர் அது. நேர்த்தெருக்கள், கூரை இழந்த கற்சுவர்கள், ஒரு கோயில். ஜெய்சால்மர் திவான் சாலிம் சிங்கின் கொடுமை தாளாமல், எண்பத்து நான்கு ஊர் மக்களும் ஒரே இரவில் சாபமிட்டுவிட்டுக் கிளம்பினார்கள் என்பது வழக்கில் உள்ள கதை. நீர் வற்றியது, வரிச்சுமை, நிலநடுக்கம் என்று ஆய்வாளர்கள் வெவ்வேறு காரணங்களைச் சொல்கிறார்கள். வாசலில் நின்ற வழிகாட்டிகள் பேய்க்கதையைத்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது புதிதாக இல்லை. பூட்டிய செட்டிநாட்டு வீட்டின் முன் நிற்கும் விருந்தினர்களில் ஒருவராவது, உள்ளே ஏதாவது நடமாடுமா என்று கேட்பார். அந்த வீடு யாரும் கைவிட்ட வீடு அன்று. பங்காளிகள் பல புள்ளிகளாக, அதாவது தனிக் குடும்பங்களாக, பிரிந்து சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் திருமணத்துக்கும் திறப்பார்கள், உள்ளே காவலுக்கு ஆள் உண்டு என்று நான் விளக்கினால், கேட்டவர் முகம் சற்று வாடும்.

எங்கள் ஓட்டுநர் சாபக் கதையை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டு, ஊருக்கு வெளியே அழைத்துப்போனார். பாறைச் சரிவின் கீழே நீளமான ஒரு மண்கரை. அதற்குள் பச்சைப் பசேலென்று கொண்டைக்கடலைச் செடிகள். ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டரே உள்ள நிலத்தில் அந்தப் பச்சையைப் பார்த்து நாங்கள் அனைவரும் வாயடைத்து நின்றோம். அதை அவர்கள் கடீன் என்கிறார்கள். சுற்றியுள்ள பாறையில் விழும் மழை வழிந்து வந்து கரைக்குள் தேங்கும். மிகுந்த நீர் கலுங்கு போன்ற வழியில் வெளியேறும். தேங்கியது மெல்ல மண்ணுக்குள் இறங்கிய பின், அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள், அறுவடை வரை வேறு மழை வேண்டாம். நம் கண்மாயில் நீரை நிறுத்தி, மடையைத் திறந்து, கரைக்கு வெளியே வயலுக்கு விடுகிறோம். அவர்கள் நீர் நின்ற தரையையே வயலாக்கிக்கொள்கிறார்கள். பாலிவால்கள் வளமாக வாழ்ந்ததற்கு இந்தக் கரைதான் காரணம் என்று ஓட்டுநர் சொன்னபோது, இடிந்த வீடுகள் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தன.

ஊர் திரும்பிய பின் என் சுற்றை மாற்ற விரும்பினேன். சிவகங்கை மாவட்டம் பாலைவனம் இல்லை. இங்கே ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் அளவுக்கு மழை உண்டு. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிச் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும், ஆண்டு முழுதும் ஓடும் ஆறும் இல்லை. அந்த நீரைப் பிடித்து வைக்கும் ஏற்பாட்டின் மேல்தான் இந்த ஊர்கள் நிற்கின்றன. ஓட்டுக்கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி அண்டாக்களில் பிடிக்கப்படுகிறது; தெருவில் விழுவது வடிகால் வழியே சரிந்து குளத்துக்கும் ஊருணிக்கும் போகிறது; குடிநீர் ஊருணிக்குச் சுற்றுச்சுவரும் படித்துறையும் உண்டு; காட்டில் விழுவது வரத்துக்கால் பிடித்துக் கண்மாய்க்கு வருகிறது. நேர்நேரான தெருக்களையும் உயர்ந்த திண்ணைகளையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் வீட்டின் அமைப்பு விளங்கும். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு சேர்க்கப்பட்டபோதும், தனித்தனி மாளிகைகளாக இல்லாமல் ஊர்த் தொகுதிகளாகத்தான் சேர்க்கப்பட்டது.

விடுதியின் உரிமையாளரான ஆச்சிக்கு முதலில் விருப்பமில்லை. “வீட்டைப் பாக்கத்தானே இம்புட்டுத் தொலைவு வாறாக, குளத்தைப் போய்க் காட்டுறேங்கிறியே” என்றார்கள். ஜீப் ஓட்டும் அண்ணனோ இன்னும் நேராகவே கேட்டார்: “கண்மாய்க்குள்ள என்னத்தத் தம்பி காட்டப் போறீக? வெறும் கருவக்காடு.” அந்தக் கருவேலே ஒரு கதைதான், அண்ணே, என்றேன். மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த அந்தச் செடியை ஜெய்சால்மர் சாலையோரங்களிலும் பார்த்தேன்; அங்கும் அதை வெளிநாட்டுக் கருவேல் என்றுதான் அழைக்கிறார்கள், அங்கும் உழவர்கள் அதைத் திட்டிக்கொண்டேதான் விறகுக்கு வெட்டுகிறார்கள்.

இப்போது எங்கள் வண்டி முதலில் நிற்பது ஒரு கண்மாயின் உள்வாயில், நீர் தேங்கும் தரையில். கோடையில் வெடித்துக் கிடக்கும் அந்தத் தரையில் இறங்கி நடந்து, மடையின் கல்லில் நீர் ஏறி நின்ற மட்டம் நிறம் மாறி வரிவரியாகப் படிந்திருப்பதைக் காட்டுகிறேன். எந்த வரி எந்த ஆண்டு மழை என்று விருந்தினர் கேட்கத் தொடங்குவார்கள். கேட்கும் வரை நான் பேசுவதில்லை. சில நாள் யாரும் கேட்பதில்லை, அப்போது அமைதியாக வண்டியில் ஏறிவிடுவோம். அடுத்த நிறுத்தம் ஊருணிப் படித்துறை. வீட்டுக்குள் நுழையும்போது தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பற்றிச் சொல்வதற்கு முன் முற்றத்து நடுவில் நிறுத்தி, கூரையின் நான்கு சரிவையும் பார்க்கச் சொல்கிறேன். முன்பு மூன்றாவது வீட்டில் அலுத்துப் போனவர்கள், இப்போது தூம்புவாய் எங்கே போகிறது என்று தேடுகிறார்கள். முட்டை வெள்ளைக்கருச் சுண்ணாம்புப் பூச்சைப் பற்றி நான் பாடமாக ஒப்பித்து வந்த நீண்ட உரை முழுவதும் போய்விட்டது. சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்வதோடு சரி. பட்டறையையும் எடுத்துவிட்டேன், ஆத்தங்குடிக்குப் போக விரும்புபவர்களை மாலையில் தனியாக அழைத்துச் செல்கிறேன்.

மழைக்காலத்தில் இந்த ஏற்பாடு முழுமையாகச் செல்லாது. கண்மாய் பெருகிவிட்டால் உள்வாய்க்குள் வண்டி போகாது. கரைக்கு இப்பாலேயே நிறுத்தி, கலுங்கு வரை நடந்து, நீர் மறுகால் பாய்வதைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கிறது. அதற்கே அரை மணி போய்விடுவதால் அந்த மாதங்களில் ஒரு வீட்டைக் குறைத்துக்கொள்கிறோம். எந்த வீட்டை விடுவது என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பெரிய வீட்டை விட்டால் விருந்தினர் கோபித்துக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி. அதன் முற்றத்தைத் தகரம் போட்டு மூடிவிட்டார்களே, மழை பெய்யும்போது அங்கே போய் என்ன பார்ப்பது என்பது என் கட்சி.